தசமப் புள்ளியில் தடுக்கி விழும் ஷெல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸில் கட்டளைகளைக் கோத்து எழுதும் ஷெல் ஸ்கிரிப்டைக் கற்றுத்தரும் தமிழ்ப் பாடங்கள், லோகேல் (மொழி, எண் வடிவம் போன்ற வட்டார அமைப்பு) என்றாலே எழுத்துருவையும் மொழியையும் மட்டும் பேசுகின்றன. எண்களை அது படுத்தும் பாட்டையும் அவசியம் சொல்லித்தர வேண்டும். நம் ஊர் லோகேலில் தசமத்துக்குப் புள்ளிதான். எனவே இங்கே சோதிக்கும்போது பிழை தலைகாட்டாது. ஜெர்மன் வாடிக்கையாளரின் சர்வரில் தசமத்துக்குக் கமா. அங்கே போனதும் கணக்கு கெடும்.

ஜெர்மன் லோகேலில், பாஷ் (bash) ஷெல்லில் அச்சிட உதவும் பிரின்ட்எஃப் (printf) கட்டளையிடம் 19.99 கொடுத்து இரண்டு தசம இடம் கேளுங்கள். ‘தவறான எண்’ என்று சொல்லிவிட்டு 19,00 என்று அச்சிடும். புள்ளியோடு அது படிப்பதை நிறுத்திவிடுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலையில் பிழைச் செய்திகளைத் தூக்கி எறியும்படி எழுதியிருந்தால் தவறான தொகை மட்டும் மிஞ்சும். மதிப்புகளைக் கமாவால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பானால் அந்தக் கமா ஒரே எண்ணை இரண்டு நெடுவரிசையாக வேறு பிளந்துவிடும்.

கணக்குப் போடும் பிசி (bc) கட்டளை எந்த லோகேலிலும் புள்ளியைத்தான் தரும். நேரத்தைத் தசம எண்ணாகத் தரும், பாஷ் 5.0இல் வந்த எபோக்ரியல்டைம் (EPOCHREALTIME) என்ற மாறியோ லோகேலைப் பார்த்துக் கமா போடும். பிசி தரும் புள்ளியை பிரின்ட்எஃப் ஏற்காததால், பிசியில் வகுத்து பிரின்ட்எஃப்பில் அச்சிடும், எல்லோரும் எழுதுகிற அந்த வரிதான் முதலில் விழுகிறது.

மைக்ரோசாஃப்டின் ஷெல்லான பவர்ஷெல் இன்னும் ஆபத்தானது. ஜெர்மன் அமைப்பில் தசம எண்களுக்கான டபுள் வகையின், எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ் (Parse) முறையிடம் "3.14" என்ற சரத்தைக் கொடுத்தால் புள்ளியை ஆயிரப் பிரிப்பானாக எடுத்துக்கொண்டு 314 என்று தரும். பிழைச் செய்தியே வராது.

லினக்ஸில் தீர்வு எளிது. ஸ்கிரிப்டின் தலையில் லோகேலின் எல்லாப் பிரிவுகளையும் ஆளும் எல்சி_ஆல் (LC_ALL) மாறிக்கு, புள்ளியையே பயன்படுத்தும் அடிப்படை லோகேலான ‘சி’ (C) என்று மதிப்புக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எண் வடிவத்துக்கான எல்சி_நியூமெரிக்கை (LC_NUMERIC) மட்டும் மாற்றினால் போதாது; எல்சி_ஆல் ஏற்கெனவே இருந்தால் அதுதான் செல்லும். தமிழ்க் கோப்புப் பெயர்களைக் கையாளும் ஸ்கிரிப்டுக்கு ‘சி.யுடிஎஃப்-8’ பொருந்தும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் இயல்பு அமைப்பில், தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நம் மடிக்கணினியின் லோகேலையும் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். க்ரானில் ஒரு விடை, கையால் ஓட்டினால் வேறு விடை என்றால் முதலில் இந்த லோகேல் வேறுபாட்டைப் பாருங்கள்.

சோதிக்கும் முன் ‘லோகேல் -ஏ’ (locale -a) கட்டளை தரும் பட்டியலில் ஜெர்மன் லோகேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிரல் ‘சி’ லோகேலிலேயே ஓடி, பிழை இல்லாததுபோல் தோன்றும்.

லினக்ஸ் நிர்வாகி,
கோயம்புத்தூர்