அந்த மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டு, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாவது கீமோவும் முடிந்தது, உடம்பு தாங்குகிறது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் பேச்சோடு பேச்சாக, யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் மாத்திரைகளை அள்ளி விழுங்குவதாகச் சொன்னாயே, அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. வாயால் சொன்னால் மறந்துவிடுவாய். எழுதி அனுப்பினால் மருத்துவரிடமும் காட்டலாம்.

இங்கே விடிவதற்கு முன் பஸ் ஏறுகிறேன். வேலை முடிந்து வெளியே வந்தால் மறுபடி இருட்டு. ஒரு வருடமாகியும் இந்தக் குளிர் பழகவில்லை. ஆய்வகத்துக்குப் போகும் வழியில் கீமோ வார்டைக் கடக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு செவிலியர் அதே சிவப்பு மருந்தை, உனக்கு ஏற்றுகிறார்களே அந்த டாக்ஸோரூபிசினைத்தான், கையாலேயே மெல்ல மெல்லச் செலுத்திக்கொண்டிருப்பார். நடுநடுவே நிறுத்தி, ஊசிக்குள் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த மருந்து சதையைப் புண்ணாக்கிவிடும். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு உன் முகம்தான் தெரிகிறது.

அந்தப் பெண்களின் ரத்தம்தான் என் மேசைக்கு வருகிறது. குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும். உடனே பனிக்கட்டியில் வைத்து, சுழற்றி, அணுக்கள் நீங்கிய தெளிநீரான பிளாஸ்மாவைப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். வந்த புதிதில் ஒரு குழாயை மேசையிலேயே மறந்துவிட்டேன். ரத்த அணுக்கள் உடைந்து, அளவிட உதவாமல் போயிற்று. தேடித் தேடி நரம்பு கிடைத்து ஒரு பெண் கொடுத்த ரத்தம் அது. அந்தக் குழாயின் எண் இன்னும் எனக்கு மனப்பாடம்.

நான் அளப்பது மலோன்டைஆல்டிஹைடு என்ற பொருளை. செல்லின் சவ்விலுள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதையும்போது மிஞ்சுவது அது. பிளாஸ்மாவில் ஓர் அமிலத்தைச் சேர்த்துக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கினால், தெளிந்திருந்த நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, சிதைவு அவ்வளவு அதிகம் என்று கொள்ளலாம்.

உன் மருந்து புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏவில் புகுந்து அது பெருகாமல் தடுக்கிறது. அதோடு, செல்லுக்குள் ஒரு எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் வாங்கப் போகிறது. இப்படிச் சுற்றச் சுற்ற, கண்டதையெல்லாம் அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் பெருகுகின்றன. அவற்றை அடக்க உடம்பில் குளுட்டதயோன், கேட்டலேஸ் என்று சொந்தக் காவல் உண்டு. காவலை மீறி அரிப்பு ஓங்கும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். இதயத்தில் கேட்டலேஸ் குறைவு. அதனால் அடி அங்கேதான் பலமாக விழுகிறது. உனக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பதும், இந்த மருந்துக்கு வாழ்நாள் உச்ச அளவு வைத்திருப்பதும் அதற்காகத்தான். மருந்து ஏற்றிய அன்று சிறுநீர் சிவந்ததைப் பார்த்துப் பயந்தாயே, அது ரத்தமில்லை, மருந்தின் நிறம்.

அப்படியானால் அரிப்பைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரை நல்லதுதானே என்று கேட்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நல்ல செல்லைக் காப்பாற்றும் மாத்திரை கெட்ட செல்லையும் காப்பாற்றிவிட்டால்? 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த 1,134 பேரிடம் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார்கள். கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் வைட்டமின் ஏ, சி, ஈ போன்றவற்றைச் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாகத் தென்பட்டது. அதை அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்குக் கணக்கு வலுவாக இல்லை என்பதும் உண்மை. வைட்டமின் பி12 சாப்பிட்டவர்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் தெளிவாக இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் உன் விஷயத்தில் அந்தச் சந்தேகத்தோடு என்னால் சும்மா இருக்க முடியாது.

சாப்பாட்டோடு வருவது வேறு, மாத்திரையில் பல மடங்காக வருவது வேறு. சாப்பாட்டை எதற்காகவும் குறைத்துவிடாதே. ரத்தப் பரிசோதனையில் குறை கண்டு உன் மருத்துவரே எழுதிக் கொடுத்த மாத்திரை ஏதாவது இருந்தால், அதையும் நீயாக நிறுத்தாதே. மற்றவற்றை அட்டையோடு எடுத்துப்போய் அவர் மேசையில் வை. திட்டுவாரோ என்று மறைக்காதே, அக்கா. நீ என்னென்ன விழுங்குகிறாய் என்று தெரியாமல் அவர் எப்படி உனக்கு வைத்தியம் பார்ப்பார்?

அடுத்த எக்கோ எந்தத் தேதி என்று கேட்டு வை. அட்டைகளின் பின்பக்கத்தை, எழுத்து தெரியும்படி படமெடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நீ தூங்கி எழுந்த பிறகு கூப்பிடுகிறேன்.

உன் அன்புத் தங்கை