அந்தப் படத்தை ஏன் கழற்றினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் திருகோணமலை நகரில் நடந்த மாணவர் சித்திரக் கண்காட்சியில் முதல் நாள் இருந்த ஒரு படத்தை மறுநாள் காணவில்லை. அந்த இடத்தில் கோணேசர் கோயிலும் சூரிய உதயமும் தொங்கின. விசாரித்தால், "பார்க்கிற சனத்துக்கு மனசு ஒரு மாதிரிப் போகுது" என்றார்கள்.

படம் இதுதான். நடுக்கடலில் ஒரு குசினிக் கதவு, சுவருமில்லை, வீடுமில்லை. கதவின் அடி இடுக்கில் விரல்கள் தெரிகின்றன. எண்ணிப் பார்த்தால் ஒரு கைக்கு உரியதைவிடக் கூட. கடலின் நீலம் கலங்கல்தான், பிள்ளை தூரிகையைச் சரியாகக் கழுவவில்லை. ஆனால் ஒரேயொரு நகத்தில் மட்டும் சிவப்புப் பூச்சு பாதி உரிந்திருந்ததை வரைந்திருந்தாளே, அதில் அசந்துபோனேன்.

கழற்றியவர்களை விட, விளக்கம் சொன்னவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். ஒருவர் சுனாமியின் பாதிப்பு என்றார். சாதாரண தரம் படிக்கிற பிள்ளை, 2004இல் பிறந்தே இருக்கமாட்டாள்! இன்னொருவர் உளவளத்துணைக்கு அனுப்பச் சொன்னார். பிள்ளைக்கு ஏதும் கவலை இருந்தால் அவளோடு இருந்து கதையுங்கள், நல்லது. படத்தை நோய் அறிக்கையாக வாசிக்காதீர்கள்.

ஸ்பானிய ஓவியர் கோயா 70 வயதைத் தாண்டி, காதும் கேளாத நிலையில், 1819இல் மட்ரிட்டுக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார். அதன் சுவர்ச் சாந்திலேயே 14 படங்களை வரைந்தார். பெற்ற பிள்ளையைத் தின்னும் ரோமப் புராணத்துச் சனி தெய்வம் அதில் ஒன்று. எனக்கென்றால் நாய்ப் படம்தான் பயங்கரம்: சரிவுக்கு மேலே தலை மட்டும் தெரிகிறது, மிச்சமெல்லாம் வெறும் மஞ்சள் வெளி. விற்கவும் இல்லை, தலைப்பும் வைக்கவில்லை. பிறகு அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கன்வஸுக்கு மாற்றினார்கள். இன்று அவை பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

போலந்தின் பெக்ஷின்ஸ்கியும் தலைப்பு வைக்காதவர். எலும்பும் தூசியுமான கனவுவெளிகளை வரைந்த அவர், நேரில் பகிடி விடுகிற கலகலப்பான மனிதராம். சிறு வயதில் உலக யுத்தத்தைக் கண்டவர் என்பதால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்றார்கள். தன் படங்களுக்கு அர்த்தம் சொல்லுவதையே அவர் விரும்பவில்லை.

அப்புறம், இது எங்களுக்குப் பழக்கமில்லாத விஷயமா என்ன? மண்டையோட்டு மாலையும் நீட்டிய நாக்குமாய்க் காளியைக் கும்பிடுகிறோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம். கோயிலில் தாங்குகிற மனசு மண்டபத்தில் தாங்காதா?

சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றால் அடுத்த முறை இத்தகைய படங்களைத் தனி அறையில் வையுங்கள், வாசலில் ஓர் அறிவித்தல் போதும். கழற்றிய படம் அந்தப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் ஏற்பாட்டாளர்கள் தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.