லீ தட்டு சோதனையைத் திரையிலேயே முடித்துவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மெய்நிகர் ஆய்வகம் வந்துவிட்டதால் இனி கல்லூரிகளுக்கு வெப்பவியல் கருவிகளே வேண்டாம் என்கிற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் இதை எழுதுகிறேன். நான் இயற்பியல் நடத்துகிறவன், சிமுலேஷனுக்கு எதிரி இல்லை.

வாயுவை அமுக்கினால் ஏன் சூடாகிறது என்று கேட்டால் பிள்ளைகள் சமன்பாட்டை எழுதிவிடுவார்கள், காரணம் வாயில் வராது. இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன்கள் இலவசம், வாயுக்களுக்கான சிமுலேஷன் போனிலேயே ஓடும். அதில் பெட்டியின் சுவரை உள்ளே தள்ளினால், மோதித் திரும்புகிற துகள் முன்பைவிட வேகமாகப் பறப்பதும் தெர்மாமீட்டர் ஏறுவதும் கண்ணெதிரே தெரியும். எந்த லேப்பிலும் இதைக் காட்ட முடியாது. (முதல் திரையில் சுவரைத் தள்ளினாலும் துகள்களுக்கு ஆற்றல் போவதில்லை, வெப்பநிலையும் மாறாது. இரண்டாம் திரைக்குப் போக வேண்டும், இதைக் கவனிக்காமல் காட்டினால் குழப்பம்தான்.)

ஆனால் லீ தட்டு வேறு விஷயம். நீராவி அறைக்கும் ஓர் உலோகத் தட்டுக்கும் நடுவே அட்டையை வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டரைச் செருகி, அட்டை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது (கடத்துதிறன்) என்று அளக்கும் சோதனை இது. மத்திய அரசின் வெர்ச்சுவல் லேப்ஸ் என்கிற இணைய ஆய்வகத் திட்டத்தில் இதற்கு அமிர்தா பல்கலைக்கழகம் செய்திருப்பது நன்றாகவே இருக்கிறது, முந்தைய நாள் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். நிஜ லேப்பில் நீராவியைச் செலுத்திவிட்டு இரண்டு தெர்மாமீட்டரும் அசையாமல் நிற்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகும், அந்தக் காத்திருப்பில்தான் அட்டை வழியாக வருகிற வெப்பமும் தட்டிலிருந்து வெளியே போகிற வெப்பமும் சமமாவது என்றால் என்னவென்று மாணவருக்கு உறைக்கிறது. தட்டு ஆறும் வேகத்தை வைத்துத்தான் வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கிடுகிறோம், ஃபேனைப் போட்டால் அந்த வேகம் மாறும். ஸ்குரூகேஜில் அட்டையின் தடிமனைப் பத்து சதவீதம் கூட்டி அளந்தால் கடத்துதிறனும் அதே பத்து சதவீதம் கூடி வரும், அப்புறம் எங்கே பிசகியது என்று தேட வேண்டும்.

கொரோனா காலத்தில் வேறு வழி இல்லை, சரி. இன்றும் பாய்லர் பழுது, தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது என்று காரணம் சொல்லி, திரையில் வந்த ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் எழுத வைக்கும் கல்லூரிகளை எனக்குத் தெரியும். செய்முறைத் தேர்வில் அந்த ரீடிங்குக்கு மதிப்பெண் இல்லை என்று பல்கலைக்கழகங்கள் அறிவிக்க வேண்டும், உடைந்த தெர்மாமீட்டரை அந்தப் பருவத்துக்குள்ளேயே மாற்ற லேப்புக்கென்று தனியாகப் பணமும் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் உதவிப் பேராசிரியர்,
தென்காசி மாவட்டம்