கண்ணாவுக்கு, வண்டி முள் பற்றி

செம்பூர், மும்பை,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். போனிலேயே சொல்லலாம், ஆனால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன்.

வண்டியை விற்கச் சொன்னாயே, விற்கவில்லை. நானே ரிப்பேர் பண்ணிவிட்டேன். 2013, 2018, 2023 என்று மூன்று தடவை ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது, இனி 2028-இல் பார்த்துக்கொள்ளலாம். சேட்டா நகர் முருகனைப் பார்க்கப் போகவும் காய்கறி வாங்கவும் எனக்கு இந்த மாருதி 800 போதும்.

மழை விட்டதிலிருந்து பெட்ரோல் முள்ளும், என்ஜின் சூட்டைக் காட்டும் சூட்டு முள்ளும் சேர்ந்தே ஆடின. பள்ளத்தில் இறங்கினால் டேங்க் நிறையும், மேட்டில் ஏறினால் காலியாகும். கடையில் மீட்டர் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரே நாளில் இரண்டு முள்ளும் தனித்தனியாகக் கெடுமா? இரண்டுக்கும் பொது, கரண்ட் வரும் வழியும் எர்த்தும்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபால்ட் தேடியவளிடம் போய் இதைச் சொல்கிறார்கள். 2020 ஜனவரியில் எம்.டி.என்.எல்.லில் அத்தனை பேர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதற்கப்புறம் என்னிடம் யாரும் ஃபால்ட் என்று எதையும் கொண்டு வந்ததில்லை. விடுவேனா?

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூக்களை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பின்னாலிருந்து பிடுங்குவதற்குள் விரல் போய்விட்டது. மீட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். எர்த் நட்டுக்கு அடியில் பச்சையாகப் பூத்திருந்தது, கோவில் குத்துவிளக்கின் அடியில் இருக்குமே, அந்தப் பச்சை. உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரால் செம்பு மின்னும்வரை தேய்த்து, நட்டை இறுக்கினேன். உன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எர்த் பக்கம் பூஜ்யம் ஓம். என் பிள்ளை புடவை வாங்கவில்லை, மல்டிமீட்டர் வாங்கினான் என்று எக்ஸ்சேஞ்ச் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அந்தப் பிள்ளைதான் இப்போது பத்து நாளுக்கு ஒருதரம் நாலு வார்த்தை பேசுகிறான். சரி, விடு.

போன தடவை வீடியோவில் உன் பின்னால் வெள்ளைச் சுவர் தெரிந்தது. உங்கள் ஹால் மஞ்சள்தானே? பெயிண்ட் அடித்தீர்களா? ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு.

பெட்ரோல் முள் சரியாகிவிட்டது. சூட்டு முள் மட்டும் எழவில்லை. சென்சார் ஒயரைக் கழற்றி என்ஜின் உடம்பில் தொட்டேன், முள் மேலே பாய்ந்தது. அப்படியானால் மீட்டர் நல்லது, சென்சார்தான் போச்சு. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் புதுசு வாங்கினேன். கடைக்காரரை நம்பாமல் ரசப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் சூடேற ஏற ஓம் இறங்கியது, நல்ல சென்சார். மாட்டினால் மறுபடியும் முள் படுத்தே கிடக்கிறது! அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தண்ணீர் கசியாமல் இருக்கட்டுமென்று குழாய்க்குச் சுற்றுவது போல சென்சார் மரையில் டேப் சுற்றியிருந்தேன். சென்சாருக்கு எர்த்தே அந்த மரை வழியாகத்தான். டேப்பை உரித்து மாட்டியதும் முள் மெதுவாக ஏறி நடுவில் வந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முள் ஏறினால் உடனே வண்டியை ஓரங்கட்டி நிறுத்து. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. உன் வண்டிக்கும்தான் சொல்கிறேன்.

கண்டாலா மலைப்பாதை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது உனக்கு எட்டு வயசு. பூனாவில் மாமா கல்யாணம். முள் ஏறுகிறது ஏறுகிறது என்று அப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சயான் சிக்னலில் அது ஏறும்போதெல்லாம் அவருக்கும் ஏறும், செலவைச் சொல்லிக் கத்துவார், கல்யாணமே வேண்டாம் என்பார். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டது நான்தான். முள் கீழே படுத்துக்கொண்டது. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். மறுநாள் மலைப்பாதையில் ஆவி பறந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போய் அவர் வலது கை வெந்தது.

மெக்கானிக் பையன் ஒயரைச் சரியாக மாட்டவில்லை என்று சொன்னேன். அப்பா அவனை ரோட்டில் நிற்க வைத்துத் திட்டினார். அதற்கப்புறம் நம்மைக் கண்டாலே அவன் எதிர்ப்பக்கம் போய்விடுவான். அப்பா கண்ணை மூடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கையால்தான் அவர் பதினைந்து வருஷம் சாப்பிட்டார், தழும்பைத் தினமும் பார்த்தேன்.

நீ பார்த்தாய், கண்ணா. பானெட்டைத் திறந்து வைத்திருந்தபோது பக்கத்தில் வந்து "என்னம்மா பண்றே?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லடா, உள்ளே போ" என்றேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ ஒன்றுமில்லை என்கிறாய்.

என் மருமகளை நான் எதுவும் கேட்க மாட்டேன், உன்னையும் திட்ட மாட்டேன். மூன்று மாதமாக அவள் குரல் கேட்கவில்லை, அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு.

தீபாவளிக்கு முறுக்கு சுற்றியிருக்கிறேன், உனக்கு ஒரு டப்பா, அவளுக்கு ஒரு டப்பா. இரண்டையும் ஒரே பார்சலாகக் கட்டவா, தனித்தனியாகவா? எந்த வீட்டு விலாசம் போட வேண்டும் என்று மட்டும் எழுது.

அம்மா