தமிழ் வகுப்பில் பிள்ளைகளைப் பேச விடுங்கள்

மொரிசியஸ் தொடக்கப் பள்ளிகளில் தமிழ்ப் பாடத்தை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் பள்ளிக்கு வந்த சுற்றறிக்கை நீங்கள் அனுப்பியதுதான். அதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பாடவேளை முழுவதும் பயிற்சிநூலுக்கு, வாரக் கடைசியில் தேர்வு, பாட்டும் கதையும் விளையாட்டும் 'நேரம் மீந்தால்'. இதுவரை நேரம் மீந்ததே இல்லை. அதற்குச் சில நாள் முன்பு என் வகுப்பைப் பார்க்க வந்தவர் "பிள்ளைகள் தரையில் அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தனர்" என்று குறித்துவிட்டுப் போனார்.

ஆமாம், விளையாடினோம். ஏழு கறி விருந்து வைத்தோம். பச்சைத் தாளில் வெட்டிய வாழையிலைகள், வண்ணம் தீட்டிய பூசணிக்காய், வாழைக்காய், பலாக்காய். பாதிப் பேர் பரிமாறினார்கள், பாதிப் பேர் சாப்பிட்டார்கள். தமிழில் கேட்டால்தான் இலையில் விழும். கல்யாண வீட்டிலும் காவடி முடிந்த கோயிலிலும் இவர்கள் உண்மையாகவே உட்கார்ந்து சாப்பிடும் பந்தி அது.

அந்தப் பந்தியில் ஒரு சிறுமி இருந்தாள். வீட்டில் பேசுவது நம் நாட்டின் பேச்சுமொழியான கிரியோல்தான், பாட்டிக்கும் தமிழ் வராது. முதல் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கிறாள். கேட்டால் தலையாட்டுவாள், எழுதச் சொன்னால் எழுதுவாள், வாயைத் திறந்ததில்லை. அன்று இலைக்கு முன் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை. பரிமாறிய பையன் ஊற்றுவதை மறந்து அவளையே பார்த்தான். பிறகு வகுப்பே ரசம் கேட்டது.

வந்தவர் பார்த்தது அந்த வகுப்பைத்தான். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பயிற்சிநூலில் எந்தப் பக்கம்?

இப்போது அவள் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். கையெழுத்து அழகாகிவிட்டது. பேச்சு மறுபடி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை காலை வயிறு வலிக்கிறது என்று அழுகிறாளாம். அடுத்த ஆண்டு தமிழை விட்டுவிடலாமா என்று அவள் அம்மா என்னிடம் வந்து கேட்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?

நம் நாட்டில் தமிழ் விருப்பப் பாடம். 2012 முதல் கிரியோலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது; வீட்டில் பேசும் மொழியைப் பிள்ளை பள்ளியில் படிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் தமிழ் வகுப்பு என்றாலே அழும் பிள்ளையை எந்தத் தாய் இங்கே உட்காரவைப்பார்? பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு போகும். போன வகுப்பு திரும்பி வராது.

ஆகவே கேட்கிறேன்: வாரத்தில் ஒரு பாடவேளையையாவது பயிற்சிநூலும் தேர்வும் இல்லாமல், பேசவும் பாடவும் கதை கேட்கவும் விட்டுவிடுங்கள்.

2017-இல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான சி.பி.இ.யை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பி.எஸ்.ஏ.சி. தேர்வைக் கொண்டுவந்தபோது, பிஞ்சு வயதில் போட்டி நெருக்கடி குறையும் என்றார்கள். நம்பினோம். ஆறாம் வகுப்பில் எழுதும் தேர்வின் சுமையை ஏழெட்டு வயதிலேயே ஏற்றுவதற்கா அந்த மாற்றம்? பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் மேடையேறித் தமிழ் வாழ்க என்கிறீர்கள். நம் ரூபாய்த் தாளிலேயே தமிழ் இருக்கிறது என்று பெருமைப்படுகிறீர்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் எங்கள் பள்ளியில் தமிழ்ப் பாடவேளை வந்ததும் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு காலி அறை தேடி அலைகிறோம். அறை கிடைக்காத நாளில் தாழ்வாரம்தான். பல முறை எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. பயிற்சிநூல் பக்கத்தை எண்ண மட்டும் ஆள் வருகிறது.

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிநூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தும் வேண்டும், இலக்கணமும் வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் காதில் விழும் இடம் வகுப்பறையும் கோயிலும்தான். வகுப்பறையிலும் வாயை மூடி எழுதச் சொன்னால் அவர்கள் வேறெங்கே பேசுவார்கள்?

வாரத்தில் ஒரு பாடவேளை. அதற்கு மதிப்பெண் வேண்டாம், பதிவேடு வேண்டாம், தனிப் பணமும் வேண்டாம். அடுத்த தவணை தொடங்குமுன் சுற்றறிக்கையில் அந்த ஒரு வரியை மாற்றி அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிவெடுக்குமுன் பார்க்க வேண்டுமென்றால், எந்த நாளும் வாருங்கள். வந்தால் பாடவேளை முடியும்வரை இருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை
மொரிசியஸ்