செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் திரைப்படக் கழகத்தின் ஆண்டறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதாந்திரத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. சந்தா உயரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

2025 செப்டம்பரில் அமெரிக்க நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் மறைந்தார். அவர் நடித்த படம் ஒன்றை அஞ்சலியாகப் போடலாம் என்றுதான் முதலில் பேச்சு. அப்புறம், 1981இல் யூட்டா மாநிலத்தில் அவர் தொடங்கிய, சன்டான்ஸ் திரைப்பட விழாவை நடத்தும் சன்டான்ஸ் நிறுவனத்தை ஒட்டி அமெரிக்கச் சுயாதீனப் படங்களை, அதாவது பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே எடுக்கப்படும் படங்களை, ஒரு தொடராகவே போடுவோம் என்று முடிவானது. இந்த ஆண்டு நாம் அதிகம் சண்டை போட்டுக்கொண்டதும் இந்தத் தொடரால்தான்.

ஸ்டீவன் சோடர்பெர்க் சுமார் 12 லட்சம் டாலரில் எடுத்த முதல் படம் 1989இல் சன்டான்ஸில் ரசிகர் விருதும் பிரான்சின் கான் விழாவில் உயரிய விருதான தங்கப் பனையும் வாங்கி, அமெரிக்காவில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஸ்டூடியோக்களுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அந்தப் படத்தை வெளியிட்ட மிராமாக்ஸை 1993இல் டிஸ்னி வாங்கியது. மறு வருடம் ஃபாக்ஸ் தன் பங்குக்கு சர்ச்லைட் என்று இத்தகைய படங்களுக்கான பிரிவைத் தொடங்கியது. சன்டான்ஸ் விழா நடக்கும் ஜனவரி மாதம் படங்களின் கொள்முதல் சீசனாகிப்போனது.

அந்தச் சந்தையில் 2006இல் சர்ச்லைட் ஒரு கோடியே 5 லட்சம் டாலருக்கு வாங்கிய படம் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்'. மஞ்சள் வேனின் கிளட்ச் போய், குடும்பமே தள்ளிவிட்டு ஒவ்வொருவராக ஓடி ஏறும் காட்சி நினைவிருக்கும். நாம் அதைத் திரையிட்ட அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு இளம் உறுப்பினர், "தாத்தா போயிடுவார் பாருங்க" என்றார். அப்படியே நடந்தது. அரங்கம் சிரித்தது. அவர் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்க்கிறார்! பின்னால் வந்த நகல்களை முன்பே பார்த்திருந்ததுதான் காரணம்: விசித்திரக் குடும்பம், ஒரு பயணம், கிட்டார் இசை, நடுவில் ஒரு சாவு, கடைசியில் கட்டிப்பிடித்தல். படம் நல்ல படம்தான், நானும் ரசித்தேன். அதைச் சமையல் குறிப்பாக்கியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

2021இல் சன்டான்ஸில் ஆப்பிள் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் பெற்ற 'கோடா' ஒரு பிரெஞ்சுப் படத்தின் ரீமேக். ரீமேக் குற்றமில்லை. ஆனால் ஓடிய கதையை மறுபடி எடுப்பது ஸ்டூடியோக்காரர்களின் வேலையல்லவா?

அதற்கடுத்த மாதம் சார்லஸ் பர்னட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' போட்டோம். கல்லூரி மாணவராக இருந்தபோது, 1970களில், லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் பத்தாயிரம் டாலருக்குள் எடுத்தது. அதிலும் ஒரு வண்டி வருகிறது. இரண்டு பேர் பழைய கார் எஞ்சின் ஒன்றை வாங்கி, மூச்சு வாங்க வாங்கப் படியிறக்கி, டிரக்கின் பின்பக்க விளிம்பில் வைக்கிறார்கள். வண்டி நகர்கிறது, எஞ்சின் தெருவில் விழுந்து உடைகிறது. அதை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். யாரும் கட்டிப்பிடிப்பதில்லை, பாடமும் இல்லை. பின்வரிசையும் அன்று வாயைத் திறக்கவில்லை.

பொருளாளர் விடவில்லை. பாட்டு உரிமைப் பிரச்சினையால் அந்தப் படம் 2007 வரை முறையாகத் தியேட்டருக்கே வரவில்லை. முப்பது வருடம் பெட்டியில் கிடந்த படத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. படத்தை வாங்கி வெளியிட ஆள் வேண்டும்தான். ஆனால் வாங்குபவருக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டபடியே எழுத உட்கார்ந்தால், சம்பளம் தராத ஸ்டூடியோவுக்கு வேலை பார்ப்பதாகத்தான் ஆகும். நம் ஊரில் குறும்படம் எடுக்கும் தம்பிகளும் "எந்த விழாவுக்கு எது எடுபடும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆகவே வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. விழா முத்திரையோ 'சுயாதீனம்' என்ற அடையாளமோ மட்டும் தேர்வுக்குப் போதாது. பரிந்துரைப்பவர் படத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். ஏன் போட வேண்டும் என்று அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும். விவாதத்துக்குப் பின் கை உயர்த்தி வாக்களிக்கலாம்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்