மாணவர் நற்பண்பு வளர்ப்புத் திட்டத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே, முன்னாள் மாணவர்களே, கல்வியில் அக்கறை கொண்ட சகோதர சகோதரிகளே! அஸ்ஸலாமு அலைக்கும் (வரஹ்).

குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தை நம் பள்ளிப் பிள்ளைகளில் பலர் பிழையின்றி ஓதுகிறார்கள். பிறரை ஏளனம் செய்யாதீர்கள், பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள், புறம் பேசாதீர்கள் என்று அதன் 11, 12ஆம் வசனங்கள் கட்டளையிடுகின்றன. ஆயினும் ஓதி முடித்து விளையாட்டுத் திடலுக்குச் சென்றதும், திக்கிப் பேசும் நண்பனை அவனுடைய குறையைச் சொல்லியே கூப்பிடும் பிள்ளைகளும் அவர்களிடையே இருக்கிறார்கள். இதற்கு அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. தீனியாத் என்னும் மார்க்கக் கல்வியை மதிப்பெண்ணுக்குரிய பாடமாக நடத்திவந்த பெரியவர்களாகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு.

ஆகவே, வரும் கல்வியாண்டு முதல் நற்பண்புப் பயிற்சியைப் பள்ளியின் எல்லாப் பாடவேளைகளோடும் இணைத்து நடத்த எங்கள் குழு முடிவு செய்துள்ளது. நிறுத்தலையும் அளத்தலையும் கற்பிக்கும் கணித ஆசிரியர், அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை அவ்வேளையிலேயே எடுத்துரைப்பார். தேர்வில் பார்த்து எழுதாதிருப்பது அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு) பேணுவதாகும் என்பது தேர்வு அறையிலேயே உணர்த்தப்படும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மமே என்ற நபிமொழிக்கேற்ப, பள்ளி வளாகத்தைப் பேணும் பணியில் எல்லா வகுப்பினரும் முறைவைத்துப் பங்கேற்பார்கள்.

திரட்டப்படும் நிதியின் பெரும்பகுதி ஆசிரியர் பயிற்சிக்கே செலவிடப்படும். புதிய கட்டடத்தைவிட இதுவே முதன்மையானது என்று நாங்கள் உறுதியாகக் கருதுகிறோம். சிறுவராக இருந்தபோதே நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்குச் சேர்ந்த அனஸ் (ரலி) அவர்கள், பணிவிடை செய்த 10 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தம்மை நோக்கி 'சீ' என்றோ, 'இதை ஏன் செய்தாய்' என்றோ நபியவர்கள் கூறியதில்லை என அறிவித்திருக்கிறார்கள். கடிந்துரைத்தும் அவமானப்படுத்தியும் திருத்த முயல்வதையே வழக்கமாகக் கண்டு வளர்ந்த நாம், அந்தப் பொறுமையை முயன்றுதான் கற்க வேண்டியிருக்கிறது. பெற்றோர் கூட்டங்களிலும் இதே பயிற்சி இடம்பெறும். எஞ்சும் தொகை, பிள்ளைகள் தனிமையில் மனம் விட்டுப் பேசுவதற்கான ஆலோசகரின் ஊதியத்திற்கும், நூலகத்திற்கும் பயன்படும்.

இத்திட்டத்திற்கு ஸதக்காவாகவும் (விரும்பிச் செய்யும் தர்மம்) பொது நன்கொடையாகவும் தாங்கள் வழங்கலாம். ஜகாத் என்னும் கட்டாயத் தர்மத்தைப் பெறத் தகுதியுடைய 8 வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்திருப்பதால், ஜகாத் தொகை இத்திட்டச் செலவுகளில் சேர்க்கப்படாமல், தகுதியுள்ள ஏழை மாணவர்களுக்கென்றே தனிக் கணக்கில் வைக்கப்படும். எனவே ஜகாத் வழங்குவோர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறோம்.

நன்கொடைகளைப் பள்ளி அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். பெயர் வெளியிட விரும்பாதோரின் விவரம் காக்கப்படும். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு பருவ முடிவிலும் அறிவிப்புப் பலகையில் வைக்கப்படும். பொருளுதவி செய்ய இயலாதோர் வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கினால், அதையும் நன்றியுடன் ஏற்போம்.

ஜஸாக்குமுல்லாஹு கைரன்.

இவண்,
நற்பண்பு வளர்ப்புத் திட்டக் குழுவினர்